220-ஐக் கழற்றிவிட்டு 195-ஐப் போட்டேன்: ஏ.எஃப்.ஆர் அலுமினிய ஹெட் பற்றி

என் எஞ்சினில் ஏறிய மூன்றாவது ஜோடி சிலிண்டர் ஹெட் (சிலிண்டர்களின் மேல் மூடிபோல உட்கார்ந்து வால்வுகளைத் தாங்கும் பாகம்) இது. முதல் ஜோடி காரோடு வந்த வார்ப்பிரும்பு. இரண்டாவது, விளம்பரத்தில் இருந்த காற்றோட்ட எண்ணைப் பார்த்து வாங்கிய 220 சி.சி அலுமினியம். (காற்று உள்ளே போகும் வழியான இன்டேக் போர்ட்டின் கொள்ளளவுதான் இந்த எண்.) மூன்றாவதுதான் ஏ.எஃப்.ஆர் (ஏர் ஃப்ளோ ரிசர்ச்) நிறுவனத்தின் 195 எலிமினேட்டர். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது பிளாக், பிஸ்டன், கேம், கார்புரேட்டர், ஹெடர் என்று எதையும் மாற்றவில்லை. மாறியது ஹெட்டும் அதோடு வந்த ஸ்பிரிங்கும், அதற்கேற்ற சில சிறு பாகங்களும்தான். அதனால் கீழே சொல்லும் வித்தியாசத்தில் பெரும்பகுதி ஹெட்டிலிருந்தே வந்தது என்று நம்பிச் சொல்கிறேன்.

எஞ்சின் செவ்ரோலே ஸ்மால் பிளாக் 350 (எட்டு சிலிண்டர், 350 கன அங்குலம்). போர் (சிலிண்டரின் விட்டம்) 4 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 3.48 அங்குலம், பழைய வகை. ஃபிளாட் டாப் பிஸ்டன், ஹைட்ராலிக் ரோலர் கேம் (வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டு), வால்வு லிஃப்ட் (வால்வு திறக்கும் உயரம்) 0.510 அங்குலம், டூயல் பிளேன் மேனிஃபோல்டு, 750 கார்புரேட்டர், நான்கு கியர் மேனுவல். வார இறுதியில் ஓட்டுவேன், எப்போதாவது டிராக் நாளுக்கு எடுத்துப்போவேன். 6,000 ஆர்.பி.எம்முக்கு மேல் நான் போவதே இல்லை. இந்தக் கடைசி வரியை முதலிலேயே தாளில் எழுதி வைத்திருந்தால் 220 ஜோடியை வாங்கியே இருக்க மாட்டேன்.

பழைய இரும்பு ஹெட்டில் சேம்பர் (கலவை எரியும் குழி) 76 சி.சி. 1970-களின் புகைக் கட்டுப்பாட்டுக் காலத்து வார்ப்பு. இன்டேக் வால்வு 1.94 அங்குலம். பிஸ்டன் மேல் ஏறி நிற்கும்போது பிளாக்கின் மேல்முகத்துக்கு 25 தவ் கீழேயே நின்றுவிடும். (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் பட்டறையில் தவ் என்பார்கள்.) எல்லாம் கூட்டிக் கணக்குப் போட்டால் கம்ப்ரஷன் விகிதம் (கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்ற எண்) எட்டரையைத்தான் தொட்டது. அதில் எந்தக் கேமைப் போட்டாலும் எஞ்சின் தூங்கும். அதனால் பிளாக்கின் மேல்முகத்தை ஃபேஸிங் செய்து (சமமாகக் கடைந்து) அந்த 25 தவ்வையும் எடுத்துவிட்டேன். பிஸ்டன் இப்போது மேல்முகத்தோடு சமமாக நிற்கிறது. 39 தவ் கேஸ்கட் போட்டால் பிஸ்டனுக்கும் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் நடுவில் இருப்பது அந்தக் கேஸ்கட்டின் கனம் மட்டும்தான், ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். இந்த ஸ்க்விஷ் இடைவெளி சின்னதாக இருந்தால் ஓரத்தில் இருக்கும் கலவை பிதுங்கி ஸ்பார்க் பிளக் பக்கம் ஓடி, நன்றாகக் கலந்து, வேகமாக எரியும். நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) குறையும். அலுமினிய ஹெட்டுக்குச் செலவு செய்கிறவர்களில் பலர் இந்த வேலையை விட்டுவிடுகிறார்கள். ஹெட் வாங்கும் முன்பே பிளாக்கின் இந்த அளவு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை சி.சி சேம்பர் வாங்குவது என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

என் கணக்கை அப்படியே தருகிறேன். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 717 சி.சி. பிஸ்டனில் வால்வுக்காக வெட்டிய குழி 5 சி.சி. கேஸ்கட் 8.7 சி.சி. சேம்பர் 65 சி.சி. கடைசி மூன்றையும் கூட்டினால் 78.7. அதோடு 717-ஐயும் சேர்த்த மொத்தத்தை 78.7-ஆல் வகுத்தால் 10.1 வருகிறது. அலுமினிய ஹெட்டும் நல்ல ஸ்க்விஷ்ஷும் இருந்தால் நல்ல ஆக்டேன் பெட்ரோலில் தைரியமாக ஓட்டலாம். இதே பிளாக்கில் 75 சி.சி சேம்பரைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஒன்பதைத்தான் எட்டியிருக்கும். ஏ.எஃப்.ஆர் 195 இந்த இரண்டு அளவிலும் வருகிறது. ஆர்டர் செய்யும்போது எது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ஏன் அலுமினியம் என்று சிலர் கேட்கிறார்கள். எடை முதல் காரணம். இரும்பு ஹெட் ஒன்று ஏறத்தாழ 20 கிலோ, அலுமினியம் கிட்டத்தட்ட அதில் பாதி. ஜோடியாகப் பார்த்தால் காரின் மூக்கிலிருந்து இருபது கிலோவை ஒட்டி இறங்குகிறது. வளைவில் திருப்பும்போது அதை என்னால் உணர முடிந்தது. வெப்பம் அடுத்தது. அலுமினியம் வெப்பத்தை இரும்பைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாகக் கடத்துகிறது. சேம்பர் சுவரில் சூட்டுப் புள்ளிகள் தங்குவதில்லை. அதனால் அரை முதல் ஒரு புள்ளி வரை கூடுதல் கம்ப்ரஷன் தாங்கும் என்று எஞ்சின் கட்டுகிறவர்கள் சொல்வார்கள். அதில் ஒரு பங்கு உலோகத்தால் வருகிறது, இன்னொரு பங்கு புது ஹெட்களின் சேம்பர் வடிவத்தால் வருகிறது என்பது என் கருத்து. இன்னொன்று, அடிபட்டால் வெல்டிங் செய்து திரும்பக் கடையலாம். இரும்பில் அது பெரும்பாடு.

இனி அந்த 220 ஜோடி. யார் தயாரித்தது என்று சொல்லப் போவதில்லை. நல்ல பெயருள்ள ஹெட்டின் பாதி விலைகூட இல்லை. வால்வு, ஸ்பிரிங் எல்லாம் பூட்டி, ‘அப்படியே எடுத்து மாட்டலாம்’ என்று எழுதி வந்தது. 0.650 அங்குல லிஃப்டில் இத்தனை சி.எஃப்.எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். என் கேம் வால்வைத் தூக்குவதே 0.510 அங்குலம். 0.650-ல் என்ன பாய்கிறது என்பது என் எஞ்சினுக்குத் தேவையே இல்லாத செய்தி. அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

மாட்டி ஓட்டினேன். 4,000-க்கு மேல் நன்றாக இழுத்தது, அதை மறுக்க மாட்டேன். அதற்குக் கீழே கார் என்னுடையதுபோலவே இல்லை. மூன்றாவது கியரில் 2,000-லிருந்து மிதித்தால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். பிளக்குகள் கருப்படித்தன. ஐடிலில் பெட்ரோல் வாடை. கார்புரேட்டரில் ஜெட்டை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு மாதம் போனது. பிழை கார்புரேட்டரில் இல்லை. போர்ட் பெரிதானால் குறைந்த ஆர்.பி.எம்மில் அதற்குள் காற்று மெதுவாக நகர்கிறது. மெதுவாக நகரும் காற்றால் பெட்ரோல் துளிகளைச் சுமக்க முடியாது, அவை போர்ட்டின் சுவரில் படிந்துவிடும். சிலிண்டருக்குள் போவது சீரான கலவையாக இருக்காது. அதோடு, இன்டேக் வால்வு மூடுவதற்கு முன்பே பிஸ்டன் மேலே ஏற ஆரம்பித்துவிடுகிறது. உள்ளே வரும் காற்றுக்கு வேகம் இருந்தால் அந்த வேகத்திலேயே இன்னும் கொஞ்சம் திணித்துக்கொண்டு வரும். வேகம் இல்லையென்றால் வந்த வழியே திரும்பும். குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் தூரம் பீய்ச்சுமே, அதே விஷயம்தான்.

ஐந்தரை ஆயிரத்தைத் தாண்டினால் இன்னொரு தொல்லை. சத்தம் மாறும், இழுவை நின்றுபோகும். ஸ்பிரிங் வால்வைக் கட்டுப்படுத்த முடியாமல் விட்டுவிடுகிறது என்பது புரிந்தது. ஃபிளாட் டாப்பெட் கேமுக்கான (லிஃப்டரின் அடியில் உருளை இல்லாத வகை) மெலிந்த ஸ்பிரிங் போட்டு வந்திருந்தது. என்னுடையது ரோலர் கேம். ரோலர் லிஃப்டர் (கேமின் மேல் உருண்டு ஏறி இறங்கும் பாகம்) கனமானது, கேமின் முகடும் செங்குத்தானது, அதற்கு இறுக்கமான ஸ்பிரிங் வேண்டும். இதில் என் பங்கும் உண்டு. கேம் எது என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதை நேர்மாறாகச் செய்தாலும் ஆபத்துதான். ரோலருக்கான ஸ்பிரிங்கை ஃபிளாட் டாப்பெட் கேமில் போட்டால் கேமின் முகடு தேய்ந்து, அந்த இரும்புத்தூள் எண்ணெயோடு எஞ்சின் முழுக்கச் சுற்றும்.

ஸ்பிரிங் மாற்றுவதற்காக ஹெட்டைக் கழற்றி, எனக்குப் பழக்கமான மெஷினிஸ்டிடம் கொண்டுபோனேன். பிளக்கை மாட்டி, சேம்பரை மேலாகக் கவிழ்த்து வைத்து, சேம்பருக்குள் மண்ணெண்ணெய் ஊற்றினார். ஒரு நிமிடத்துக்குள் மூன்று வால்வுகளின் ஓரத்தில் ஈரம் கசிந்தது. வால்வுகளைக் கழற்றி கைடை (வால்வுத் தண்டு ஓடும் குழலை) அளந்தார். ஒன்றில் ஒரு தவ்கூட இடைவெளி இல்லை, பக்கத்திலேயே இன்னொன்றில் நாலு தவ். ஸ்பிரிங் உட்காரும் உயரம் ஒன்றுக்கொன்று 50 தவ் வரை வேறுபட்டது. தண்ணீர் வழியில் விரலை விட்டுத் துழாவி வார்ப்பு மணலை எடுத்துக் காட்டினார். சேம்பர் 64 சி.சி என்று எழுதியிருந்ததை பியூரெட் வைத்து நிரப்பிப் பார்த்தோம். எட்டும் 67-க்கும் 69-க்கும் நடுவில் வந்தன. நான் 10.2 என்று நம்பிக்கொண்டிருந்த கம்ப்ரஷன் உண்மையில் 9.8-ஐத்தான் ஒட்டி நின்றிருக்கிறது.

“தம்பி, போர்ட் பளபளன்னு இருக்கிறதைப் பார்க்காதே. கைடையும் சீட்டையும் பாரு. காசு அங்கேதான் ஒளிஞ்சிருக்கு” என்றார். வால்வு மூடும்போது உட்காரும் வளையம்தான் சீட்.

கைடு மாற்றி, சீட் வெட்டி, ஸ்பிரிங் வாங்கி, உயரம் சரிசெய்து எல்லாவற்றையும் முடித்தால் ஆகும் தொகையைச் சொன்னார். வாங்கிய விலையோடு கூட்டிப் பார்த்தேன். நல்ல ஹெட்டை முதலிலேயே வாங்கியிருக்கலாம் என்ற இடத்தில்தான் வந்து நின்றது. அப்படிச் செலவு செய்தாலும் 220 சி.சி போர்ட் 220 சி.சி போர்ட்டாகவேதான் இருக்கும்.

அதன்பிறகுதான் ஏ.எஃப்.ஆர். அதைத் தேர்ந்தெடுக்கும் முன் வேறு சிலவற்றையும் அலசினேன். எடெல்பிராக் பெர்ஃபார்மர் ஆர்.பி.எம் 170 சி.சி போர்ட், 2.02 மற்றும் 1.60 அங்குல வால்வு. கீழ் ஆர்.பி.எம்மில் திடமான இழுவை வேண்டும், 5,500-க்கு மேல் போகப் போவதில்லை என்பவருக்குப் பொருத்தமான அளவு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் கனமான வண்டியும் இருந்திருந்தால் நானும் அந்தப் பக்கம்தான் போயிருப்பேன். டிரிக் ஃப்ளோ சூப்பர் 23 வரிசையில் 175, 195 போர்ட் அளவுகள் உண்டு. பிரோடிக்ஸ் ஐ.கே வரிசையில் 180-உம் 200-உம். கடைசிவரை மனத்தில் போட்டி போட்டது டிரிக் ஃப்ளோ 195-தான். அதை வாங்கியிருந்தாலும் வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

பணம் நெருக்கடி என்றால் அலுமினியத்தையே விட்டுவிட்டு 1996 முதல் வந்த வோர்டெக் இரும்பு ஹெட்டைத் தேடுங்கள் என்பேன். 64 சி.சி சேம்பர், நல்ல வடிவம், இரும்பில் அதுபோலப் பாய்வது குறைவு. மட்டமான அலுமினியத்தைவிட அது எவ்வளவோ மேல். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அதற்கு மேனிஃபோல்டு போல்ட் அமைப்பே வேறு. பழைய மேனிஃபோல்டில் 12 போல்ட், வோர்டெக்கில் 8. லிஃப்ட் 0.460-ஐத் தாண்டினால் வால்வு கைடின் தலையைக் கடைந்து இடம் செய்ய வேண்டும்.

என்னைக் கடைசியில் ஏ.எஃப்.ஆர் பக்கம் சாய்த்தது அதன் நடு லிஃப்ட் எண்கள். வால்வு திறக்கும்போது 0.300 அங்குலத்தை ஒருமுறை கடக்கிறது, மூடும்போது இன்னொருமுறை கடக்கிறது. உச்சத்தைத் தொடுவது ஒரே ஒருமுறை, அதுவும் கண நேரம். சாலையில் ஓடும் எஞ்சின் மூச்சுவிடுவது பெரும்பாலும் அந்த நடுப்பகுதியில்தான். அதனால் 0.200, 0.300, 0.400 எண்களைப் பாருங்கள், பிறகு உங்கள் கேமின் லிஃப்டில் என்ன வருகிறது என்று பாருங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு கம்பெனியின் எண்களை ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். 28 அங்குல நீர் அழுத்தத்தில் சோதித்தார்களா, சோதனைக்கு வைத்த போர் எத்தனை அங்குலம், எக்ஸாஸ்ட் பக்கம் குழாய் வைத்தார்களா என்பதைப் பொறுத்து எண் ஏறும் இறங்கும். ஒரே மேசையில் அளந்த எண்களைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியும்.

195 எலிமினேட்டர் 0.550 லிஃப்டில் 280 சி.எஃப்.எம்மை ஒட்டிப் பாய்கிறது. எஞ்சின் கட்டுகிறவர்களிடம் ஒரு பழைய குத்துமதிப்புக் கணக்கு உண்டு: எட்டு சிலிண்டர் எஞ்சினில் இந்த எண்ணை இரண்டால் பெருக்கினால், அந்த ஹெட் தாங்கக்கூடிய உச்சக் குதிரைத்திறன் ஏறத்தாழ வரும். அதாவது 560. என் 350-ஓ அதன் அருகில்கூட வராது, எனக்கு அது வேண்டவும் வேண்டாம். இந்த ஹெட்டே என் தேவைக்கு மேல். 220 எதற்கு?

பெட்டியைப் பிரித்ததும் நேராக மெஷினிஸ்டிடம்தான் கொண்டுபோனேன். பெயர் பெற்ற கம்பெனி என்பதற்காகச் சோதிக்காமல் மாட்டுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். அதே மண்ணெண்ணெய். பத்து நிமிடம் வைத்தும் ஒரு துளி வெளியே வரவில்லை. ஸ்பிரிங்குகளைக் கழற்றிப் பார்த்தோம், உயரம் எல்லாவற்றிலும் சீராக இருந்தது. சேம்பரும் இன்டேக் போர்ட்டும் சி.என்.சியில் கடைந்தவை. கட்டர் ஓடிய மெல்லிய வரிகள் அப்படியே தெரியும், அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். சேம்பரை அளந்தோம், எட்டுக்கும் நடுவில் அரை சி.சி வித்தியாசம்கூட இல்லை. வால்வு 2.05, 1.60 அங்குலம். தண்டு 8 மில்லிமீட்டர், பழைய அளவைவிட மெல்லியது. வால்வு இலேசாக இருப்பதால் ஸ்பிரிங்குக்கு வேலை குறைவு. கேஸ்கட் உட்காரும் அடித்தட்டு முக்கால் அங்குலக் கனம். பின்னால் ஒருநாள் ஃபேஸிங் செய்ய வேண்டி வந்தாலும் தாராளமாக உலோகம் இருக்கிறது. இந்தமுறை கேமின் அட்டையையே அனுப்பி ஹைட்ராலிக் ரோலருக்கான ஸ்பிரிங் கேட்டு வாங்கினேன்.

மாட்டுவதில் சொல்ல நிறைய இருக்கிறது. புதிதாகச் செய்கிறவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள்.

ஸ்மால் பிளாக்கில் ஒரு ஹெட்டுக்கு 17 போல்ட். அவற்றின் துளைகள் தண்ணீர் வழிக்குள் இறங்குகின்றன. மரையில் சீலர் தடவாமல் பூட்டினால் கூலன்ட் மரை வழியாக மேலே ஏறி எண்ணெயில் கலக்கும். அலுமினியத்தின் மேல் போல்ட் தலை நேராக உட்காரக் கூடாது, கடினப்படுத்திய வாஷர் கட்டாயம். இல்லையென்றால் தலை அலுமினியத்தைக் குடைந்துவிடும், டார்க் ரெஞ்ச் காட்டும் எண்ணும் பொய்யாகிவிடும். மூன்று தவணையாக, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்குங்கள். இறுதி எண் எவ்வளவு என்பதற்கு போல்ட் கம்பெனி தரும் தாளைப் பாருங்கள். பழைய வண்டிப் புத்தகத்தை நம்ப வேண்டாம். கேஸ்கட்டில் மெல்லிய தகடு வகை அலுமினியத்துக்கு ஆகாது. அலுமினியம் சூட்டில் இரும்பைவிட இரண்டு மடங்கு விரிகிறது. ஒவ்வொருமுறை சூடேறி ஆறும்போதும் ஹெட் பிளாக்கின் மேல் ஓர் இம்மி நகர்கிறது. அதற்கு வழிவிடும் காம்போசிட் அல்லது பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட்தான் வேண்டும்.

புஷ்ராடை (லிஃப்டரின் அசைவை, வால்வை அழுத்தும் நெம்புகோலான ராக்கருக்குக் கொண்டுபோகும் கம்பி) ஊகித்து வாங்காதீர்கள். இந்த பிளாக்கின் பழைய புஷ்ராடு 7.8 அங்குலம். ரோலர் லிஃப்டர் உயரமானது என்பதால் எனக்கு 7.3-க்குப் பக்கத்தில் வந்தது. அதுவும் பிளாக்கின் மேல்முகத்தைக் கடைந்தது, கேஸ்கட், ராக்கர் எல்லாவற்றையும் பொறுத்து நகரும். நீளம் மாற்றக்கூடிய அளவுப் புஷ்ராடு ஒன்றை வாங்கி, வால்வுத் தலையில் மார்க்கர் மை தடவி, எஞ்சினை இரண்டு சுற்று கையால் சுற்றிப் பாருங்கள். ராக்கர் ரோலர் ஓடிய தடம் தலையின் நடுவில், ஒடுக்கமாக இருக்க வேண்டும். ஓரத்தில் ஓடினால் கைடை ஒரு பக்கமாகத் தின்றுவிடும். இந்த ஹெட்டில் கைடுபிளேட் (புஷ்ராடை நேராகப் பிடிக்கும் தகடு) வருகிறது. அதனால் கடினப்படுத்திய புஷ்ராடு வேண்டும், தானாகவே நேராக நிற்கும் வோர்டெக் வகை ராக்கரை இதில் போடக் கூடாது.

பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி பார்க்காமல் முதல் சாவியைத் திருப்ப வேண்டாம். பிஸ்டன் மேல் களிமண் வைத்து, ஹெட்டைப் பூட்டிச் சுற்றி, திரும்பக் கழற்றி, களிமண்ணைக் குறுக்கே வெட்டி அளந்தேன். இன்டேக் பக்கம் குறைந்தது 80 தவ், எக்ஸாஸ்ட் பக்கம் 100 தவ் வேண்டும். எனக்கு இரண்டும் தாராளமாகவே வந்தன. இந்த வேலைக்கு ஒரு முழு ஞாயிறு போனது.

சின்னச் சின்னச் செலவுகளையும் கணக்கில் வையுங்கள். பழைய பிளக் இதற்கு ஆகாது, முக்கால் அங்குல மரை நீளமுள்ள, வாஷர் வைத்த வகை வேண்டும். நீளம் குறைந்ததைப் போட்டால் மீதி மரையில் கரி படியும், பின்னால் சரியான பிளக்கைப் போடும்போது மரை பிடுங்கிக்கொண்டு வரும். பிளக்கை முதல் சில சுற்று கையால்தான் திருக வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது கழற்றவே கழற்றாதீர்கள். ரோலர் ராக்கர் போட்டதால் பழைய குட்டை வால்வு கவர் மூடவில்லை, உயரமானது வாங்கினேன். நேர் பிளக், சாய்ந்த பிளக் என்று இரண்டு வகையில் ஹெட் கிடைக்கிறது. உங்கள் ஹெடர் எதற்குச் செய்தது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், பிளக் வயர் ஹெடரில் பட்டுக் கருகினால் ஏன் மிஸ்ஸிங் என்று தேடிக் களைத்துப்போவீர்கள். மேனிஃபோல்டு என்னுடைய பழைய 12 போல்ட் வகையே எந்தத் தகராறும் இல்லாமல் உட்கார்ந்தது.

சரி, ஓடுவது எப்படி?

முதல் நாளே தெரிந்துவிட்டது. மூன்றாவது கியர், 2,000, அதே மேடு. மிதித்தேன், மறுபேச்சு இல்லாமல் எடுத்தது. 2,500-லிருந்து 5,000 வரை எங்கே தொட்டாலும் இழுவை கையில் இருக்கிறது. கார்புரேட்டரில் அந்த ஒரு மாதம் ஏற்றி வைத்த ஜெட்டுகளையெல்லாம் திரும்ப இறக்க வேண்டியிருந்தது, அவ்வளவு நன்றாக எரிகிறது. பிளக் இளம் பழுப்பில் இருக்கிறது. இரும்பு ஹெட் காலத்தில் முழு அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு வருமுன் பொறி விழும் கோணம்) 36 டிகிரி வைத்திருந்தேன். இப்போது 34-இல்தான் நன்றாக இருக்கிறது, அதற்குமேல் ஏற்றினால் ஒன்றும் கூடவில்லை. சேம்பரின் வடிவம் சரியாக இருந்தால் எரிவது சீக்கிரம் முடிகிறது, முன்கூட்டியே பொறி தரத் தேவையில்லை. மேலே 6,000 வரை சத்தம் சீராக ஏறுகிறது. பெரிய போர்ட்டைக் கழற்றினால் உச்சியில் கொஞ்சம் இழப்பேன் என்று மனத்தைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தேன். என் கை, என் காது வரையில் எதையும் இழக்கவில்லை. வால்வு ஒழுங்காக மூடுவதே அதற்குப் பாதிக் காரணமாக இருக்கும்.

இரண்டு சீசன் ஆகிவிட்டது. போன மாதம் கம்ப்ரஷன் சோதித்தேன். எட்டு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று ஐந்து சதவீதத்துக்குள் நிற்கின்றன. கேஸ்கட் ஓரத்தில் கசிவு இல்லை. ராக்கர்களை முதல் சீசனில் ஒருமுறை சரிசெய்ததோடு சரி. கூலன்டில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். இரும்பு பிளாக்கும் அலுமினிய ஹெட்டும் ஒரே தண்ணீரில் நனைந்தால் அரிப்பு அலுமினியத்தைத்தான் தேடி வரும். வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதில்லை. அரிப்புத் தடுப்பு உள்ள கூலன்டை வாலை வடித்த நீரில் கலந்து ஊற்றி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

எல்லோருக்கும் இந்த 195 பொருந்தாது. 305 எஞ்சின் வைத்திருப்பவர்கள் இதைப் பார்க்கவே வேண்டாம். அதன் போர் 3.736 அங்குலம்தான், 2.05 வால்வு சிலிண்டர் சுவரை ஒட்டி நின்று தன் காற்றைத் தானே மறைத்துக்கொள்ளும். 65 சி.சி சேம்பரில் கம்ப்ரஷனும் விழுந்துவிடும். 350-இல் பழைய கேமையும் மேனிஃபோல்டையும் வைத்துக்கொண்டு ஹெட்டை மட்டும் மாற்ற நினைப்பவர்களுக்கும் இது அதிகம். 383 கட்டி 6,500 வரை சுற்றுகிறவர்கள் 210 பக்கம் போகலாம்.

என் 220 ஜோடி என்ன ஆனது என்று கேட்பீர்கள். நண்பர் ஒருவர் 400 பிளாக் கட்டிக்கொண்டிருந்தார், 4.125 அங்குல போர், 3.75 அங்குல ஸ்ட்ரோக், முழுக்க முழுக்க டிராக் வண்டி. சிலிண்டர் ஒன்றுக்கு 820 சி.சி. அந்தப் பசிக்கு 220 போர்ட் சரியான அளவு. கைடும் சீட்டும் ஸ்பிரிங்கும் அதே மெஷினிஸ்ட் செய்து கொடுத்தார். 400-இல் சிலிண்டர்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதால் நடுவில் நீராவி தங்கிவிடும், அது வெளியேற ஹெட்டில் தனியாகத் துளை வேண்டும். 400-க்கான கேஸ்கட்டையே அச்சாக வைத்துக் குறித்து, ஒரு மாலை முழுக்க இரண்டு பேரும் சேர்ந்து அந்தத் துளைகளைப் போட்டோம். வண்டி அடுத்த டிராக் நாளுக்கு வருகிறது.